தூரத்தின் கிரயம்: உருக்குத் தொழிலின் தளர்வும் தென்கோடி நாட்டின் கணக்கும்

1956-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் முதல் தேதியன்று, அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு என்னும் நான்கு தாலுகாக்களும் திருவிதாங்கூர்-கொச்சி ராஜ்யத்தினின்றும் பிரிந்து, சென்னை ராஜ்யத்தோடு இணைந்து, கன்னியாகுமரி ஜில்லா என்ற பெயர் பெற்றன என்பது எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் அறிந்த செய்தி. அதே ஆண்டில், இந்த ஜில்லாவைப் பற்றிய நினைவு சிறிதும் இல்லாமலே டில்லியில் செய்யப்பட்ட மற்றோர் ஏற்பாடு, அடுத்த முப்பத்தைந்து ஆண்டுக் காலம் இத்தென்கோடி நாட்டில் எழுந்த ஒவ்வொரு கான்கிரீட் கூரையின் கணக்கிலும் மௌனமாகப் புகுந்திருந்தது என்பதை அறிந்தவர் மிகச் சிலரே. உருக்கு எங்கே வார்க்கப்பட்டாலும், அதனை வாங்குபவன் தேசத்தின் எந்த மூலையில் இருந்தாலும், ரயிலடியில் அவன் கொடுக்கும் விலை ஒன்றாகவே இருக்கவேண்டும் என்பது அந்த ஏற்பாடு. அதற்குச் சரக்குக் கட்டணச் சமன் திட்டம் என்று பெயர். 1992-ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில், பொருளாதாரத் தாராளமயத்தின் முதற் காரியங்களுள் ஒன்றாக, உருக்கின் விலைக் கட்டுப்பாடும் விநியோகக் கட்டுப்பாடும் நீக்கப்பட்டபோது அந்தச் சமனும் உடன் நீங்கியது. தேசிய உருக்குத் தொழிலையும் அதன் ஸ்தாபனங்களையும் தாராளமயம் என்ன செய்தது என்ற கேள்வியை ஊதுலைகளின் அருகே நின்று கேட்டவர் பலர். ஆயிரம், இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், கடல் சூழ்ந்த ஒரு முனையில் நின்று கேட்கும்பொழுது விடை சற்று வேறாகத் தோன்றுகிறது. இக்கட்டுரை எழுந்ததற்கு அதுவே காரணம்.

திட்டத்தின் இயக்கம் எளியது. தேசம் முழுவதற்கும் உருக்கை ஏற்றிச் செல்ல ஆகும் சராசரிக் கட்டணத்தைக் கணக்கிட்டு, ஒவ்வொரு டன்னின் விலையிலும் அதனை ஒரே அளவாகச் சேர்த்துவிடுவார்கள். ஆலைக்கு அருகில் இருந்து வாங்குபவன் தன் உண்மைச் செலவுக்கு மேலாகக் கொடுத்த தொகை ஒரு பொது நிதியில் சேரும். தொலைவில் உள்ளவனுக்குச் சரக்கு அனுப்பியதில் ஏற்பட்ட அதிகச் செலவு அந்நிதியிலிருந்து ஈடு செய்யப்படும். ஜாம்ஷெட்பூரில் கம்பி வாங்கியவனும் திருநெல்வேலி ரயிலடியில் கம்பி வாங்கியவனும் ஒரே கிரயம் கொடுத்தார்கள் என்றால், முன்னவன் பின்னவனுடைய வண்டிச் சத்தத்தில் ஒரு பங்கைத் தன் மடியிலிருந்து கொடுத்தான் என்பதே அதன் பொருள்.

திருநெல்வேலி ரயிலடி என்று நான் எழுதியது காரணத்தோடுதான். சமன் விலை தண்டவாளம் முடியும் இடம் வரையில்தான் செல்லும். எங்கள் நாஞ்சில் நாட்டிலோ அன்று தண்டவாளமே கிடையாது. திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் வழியாகக் கன்னியாகுமரிக்கு ரயில் வந்தது 1979-ஆம் ஆண்டு ஏப்ரலில். திருநெல்வேலியிலிருந்து நாகர்கோவிலுக்கு வந்தது 1981-ஆம் ஆண்டு ஏப்ரலில். ஆகவே, தேசமெங்கும் தூரத்தை ஒழித்துவிட்டதாகச் சொன்ன ஒரு திட்டம் நடப்பில் இருந்த காலத்தின் பெரும்பகுதியில், மேற்கே திருவனந்தபுரத்திலோ வடக்கே திருநெல்வேலியிலோ இறக்கிய கம்பியை லாரியில் ஏற்றி, ஆரல்வாய்மொழிக் கணவாய் கடந்தோ களியக்காவிளை வழியாகவோ கொண்டுவரும் கடைசி எழுபது எண்பது கிலோமீட்டருக்கான கூலியை எங்கள் ஊரார் தம் கையிலிருந்தே கொடுத்து வந்தார்கள். டில்லியில் வரைந்த சமன் கோடு எங்கள் எல்லைக்கு வெளியே நின்றுவிட்டது.

அந்த விலைக்கு உருக்குக் கிடைத்ததா என்பது வேறு கேள்வி. யுத்தகாலத்தில், 1941-இல், கல்கத்தாவில் ஏற்பட்ட இரும்பு உருக்குக் கட்டுப்பாட்டு அதிகாரம் சுதந்திரத்திற்குப் பின்னும் தொடர்ந்தது. யாருக்கு எவ்வளவு, எந்த ரகம், எந்த மாதம் என்பதெல்லாம் ஒதுக்கீட்டுச் சீட்டினால் தீர்மானமாயிற்று. சர்க்கார் விலைக்கும் சந்தை விலைக்கும் இடையே இருந்த பள்ளம் சீட்டு வைத்திருந்தவர்களுக்கு ஒரு வருமானமாகவே ஆகிவிட்டது. பேராசிரியர் கே. என். ராஜ் தலைமையிலான குழு 1963-இல் இக்கட்டுப்பாட்டை ஆராய்ந்து அதனைத் தளர்த்துமாறு கூறியதன் பேரில், 1964-இல் பிரதான ஆலைகளின் கூட்டு ஆலைக் குழு ஏற்பட்டு விலை நிர்ணயம் அதனிடம் வந்தது. எனினும் தட்டுப்பாடு இருந்த வரையில் சீட்டும் இருந்தது. என் இளமையில் எங்கள் தெருவில் வீடு கட்ட முற்பட்ட ஒருவர், அஸ்திவாரம் போட்டு, சுவர் எழுப்பி, கம்பிக்காக ஒரு கார்காலம் முழுவதும் காத்திருந்து, பின்னர் மேல்பணம் கொடுத்து வாங்க மனமில்லாமல் ஓடு வேய்ந்துகொண்டு குடிபுகுந்ததை நான் அறிவேன். சமமான விலை என்பது, பொருள் கைக்குக் கிட்டும்போதுதான் விலை. கிட்டாதபோது அது காகிதத்தில் எழுதிய ஓர் எண் மாத்திரம். பழைய ஏற்பாட்டைப் பொற்காலமாக நினைப்பவர்கள் இதனை மறந்துவிடலாகாது.

அதைவிட முக்கியமான வேறொன்றையும் மறந்துவிடலாகாது. தூரத்தின் கிரயத்தை எங்களுக்காகக் கொடுத்தவர்கள் யார்? இரும்புக் கனியும் நிலக்கரியும் தங்கள் நிலத்தடியில் கிடக்க, அவற்றைத் தோண்டுவதற்காகக் காட்டையும் வயலையும் இழந்த, இன்று ஜார்க்கண்ட், சத்தீஸ்கர், ஒடிஸா என்று அழைக்கப்படும் பிரதேசங்களின் ஜனங்கள். உருக்கு அருகில் கிடைக்கும் இடத்தில்தான் உருக்கைக் கொண்டு யந்திரம் செய்யும் தொழிலும் வளரும் என்பது இயற்கை. அந்த இயற்கையான அனுகூலத்தைச் சமன் திட்டம் அவர்களிடமிருந்து எடுத்து, பம்பாய்க்கும் சென்னைக்கும் கோயம்புத்தூருக்கும் லூதியானாவுக்கும் பகிர்ந்தளித்தது. எங்கள் தென்பகுதியின் பம்புசெட்டும் லாரிக் கூண்டும் சைக்கிளும் அந்தப் பங்கீட்டில் ஒரு பகுதியை அனுபவித்தன என்பதை ஒப்புக்கொள்வதில் வெட்கம் இல்லை. ஒப்புக்கொள்ளாமல் இருப்பதில்தான் வெட்கம் உண்டு. இன்னும் ஒன்று: இம்முனையிலிருந்து வெளியே போன பொருளுக்கு இத்தகைய சமன் ஏதும் செய்யப்படவில்லை. மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலிலிருந்து பிரித்தெடுக்கும் இல்மனைட்டும் ஸிர்க்கானும் தத்தம் வழியே போயின. ஸிர்க்கான் மணல் வார்ப்பாலைகளில் உருகிய உருக்கைத் தாங்கும் அச்சுகளுக்குப் பயன்படுவது. கிழக்கு நாட்டார் எங்களுக்குச் செய்ததையே வேறொரு பொருளில் நாங்களும் பிறருக்குச் செய்தோம் என்ற எண்ணம் ஒரு வகையில் ஆறுதலாயிருக்கிறது.

உருக்குத் தொழில் இத்தேசத்தில் என்றுமே நிழலில் வளர்ந்த பயிர். 1830-ஐ ஒட்டி, கும்பெனியின் உத்தியோகத்திலிருந்த ஹீத் என்ற ஆங்கிலேயர், சேலத்து இரும்புக் கனியைக் கொண்டு பரங்கிப்பேட்டையில் நவீன முறையில் இரும்பு காய்ச்ச முயன்று, கரிக்குக் காட்டையும் மூலதனத்துக்குக் கும்பெனியின் கடனையும் நம்பி, இரண்டிலும் இடர்ப்பட்டு, இங்கிலாந்திலிருந்து வந்திறங்கிய மலிவான இரும்பின் முன் நிற்கமாட்டாமல் போனார். 1907-இல் ஸ்தாபிதமாகி 1912-இல் முதல் உருக்கை வார்த்த டாடா கம்பெனியும், முதல் மகாயுத்தத்திற்குப் பின் ஐரோப்பிய உருக்கு வெள்ளமாய் வந்தபோது, 1924-ஆம் ஆண்டின் பாதுகாப்புச் சட்டம் என்ற குடையின் கீழ்தான் பிழைத்தது. சுதந்திரத்திற்குப் பின் பிலாயில் ருஷியர், ரூர்கேலாவில் ஜெர்மானியர், துர்காப்பூரில் ஆங்கிலேயர், பிறகு பொகாரோவில் மீண்டும் ருஷியர் என்று பிறருடைய துணையோடு எழுந்த பொதுத்துறை ஆலைகளுக்கு அந்நியப் போட்டி என்பதே தெரியாது. 1973-இல் செயில் எனப்படும் இந்திய உருக்கு ஆணையம் இவற்றையெல்லாம் ஒரு கூரையின் கீழ்க் கொண்டுவந்தது. நிழல் நல்லதுதான், ஆனால் நிழலில் நாற்பது ஆண்டு நின்ற செடி வெயிலின் உறைப்பை அறியாது.

வெயில் ஒரே நாளில் வந்தது என்றே சொல்லவேண்டும். அந்நியச் செலாவணி வற்றிப்போன 1991-ஆம் ஆண்டில், ஜூலை 24 அன்று வெளியான புதிய தொழிற் கொள்கை, பொதுத்துறைக்கென்று ஒதுக்கியிருந்த தொழில்களின் பட்டியலிலிருந்து இரும்பு உருக்கை நீக்கியது. அதற்கு லைசென்ஸும் வேண்டாம் என்றது. ஆறு மாதம் கழித்து விலையும் விநியோகமும் விடுபட்டன. இறக்குமதித் தீர்வை ஆண்டுக்காண்டு இறங்கி, புதிய நூற்றாண்டின் முதற் பத்தாண்டின் நடுவில் 5 சதவீதம் என்ற அளவுக்கு வந்தது. 1991-92-இல் தேசத்தின் முடிவுற்ற உருக்கு உற்பத்தி ஏறத்தாழ 1 கோடியே 43 லட்சம் டன். கச்சா உருக்கில் 2018-இல் ஜப்பானை முந்தி உலகில் சீனத்திற்கு அடுத்த ஸ்தானத்தைப் பிடித்து, 2023-24-இல் 14 கோடி டன்னைத் தாண்டினோம். இந்த எண்களை மட்டும் பார்ப்பவர்கள் தாராளமயம் உருக்குத் தொழிலை வாழ்வித்தது என்று சொல்லி அமர்ந்துவிடுவார்கள். நான் அப்படி அமர விரும்பவில்லை. இந்த வளர்ச்சியின் நடுவில் எத்தனை ஸ்தாபனங்கள் மூழ்கின, மூழ்கியபோது யாருடைய பணம் அவற்றோடு மூழ்கியது என்று பார்க்க விரும்புகிறேன்.

முதலில் தடுமாறியது செயில். பழைய ஊதுலைகள், மிகுந்த ஆட்கள், விரிவாக்கத்திற்கு வாங்கிய கடன், அதே சமயம் 1997-இன் ஆசிய நெருக்கடிக்குப் பின் உலகமெங்கும் விழுந்த விலை ஆகிய நான்கும் சேர்ந்து, 1998-99-இல் 1,574 கோடி ரூபாயும், அடுத்த ஆண்டில் 1,720 கோடியும், பின்னர் 2002-03 வரை தொடர்ச்சியாகவும் அதற்கு நஷ்டத்தைத் தந்தன. 2003-04-இல், சீனத்தின் பசி உலகச் சந்தையை உயர்த்தியபோது, அதே ஸ்தாபனம் 2,500 கோடிக்கு மேல் லாபம் கண்டது. அதன் நிர்வாகிகள் அந்த ஐந்தாண்டில் மகா மூடர்களாயிருந்து ஆறாம் ஆண்டில் மேதைகளாகிவிட்டார்களா? இல்லை. விலை விழுந்தபோது விழுந்தார்கள், எழுந்தபோது எழுந்தார்கள். ஆனால் இடையில் ஆட்கள் குறைந்தார்கள். ஒரு காலத்தில் இரண்டு லட்சத்துக்கு மேற்பட்டவர்களுக்கு வேலை தந்த செயிலில், 2024-இல் அறுபதாயிரத்துக்கும் குறைவானவர்களே நிரந்தர ஊழியர்கள். டாடா கம்பெனியும் அவ்வாறே, எழுபதாயிரத்துக்கு மேலிருந்த ஆட்தொகையைப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் பாதியாக்கியது; ஓய்வுபெறும் வயது வரை மாதந்தோறும் சம்பளம் கொடுத்து அனுப்பியதால் அங்கே பெரிய கொந்தளிப்பு எழவில்லை. ஆளைக் குறைக்கும் காரியத்திலும் மனுஷத்தன்மைக்கு ஓர் இடமுண்டு என்பதற்கு அதனை உதாரணமாகக் கொள்ளலாம். அங்கே வேலை போனவர்களுக்குச் சம்பளம் வந்தது. அவர்களுடைய பிள்ளைகளுக்கு அந்த வேலை வரவில்லை என்பதையும் சேர்த்தே எண்ணவேண்டும்.

தென்னாட்டவனாகிய எனக்கு இந்தச் சரித்திரத்தில் மிகவும் மனத்தைத் தொடும் பகுதி வேறொன்று. உருக்காலைகளெல்லாம் வடகிழக்கிலேயே இருக்கின்றனவே, எங்களுக்கு ஒன்று வேண்டும் என்ற குரல் தமிழ்நாட்டிலும் ஆந்திரத்திலும் கர்நாடகத்திலும் ஒருங்கே எழுந்த காலம் 1960-கள். இங்கே அண்ணாதுரையின் அரசு 1967-இல் சேலம் உருக்காலைக்காகவும் சேதுக் கால்வாய்க்காகவும் எழுச்சி நாள் கொண்டாடியது. விசாகப்பட்டினத்திலோ 1966-ஆம் ஆண்டுக் கிளர்ச்சியில் உயிர்களே பலியாயின. 1970-ஆம் ஆண்டு ஏப்ரலில், சேலம், விசாகப்பட்டினம், விஜயநகரம் என்னும் மூன்று இடங்களிலும் உருக்காலை அமையும் என்று இந்திரா காந்தி நாடாளுமன்றத்தில் அறிவித்தார். மூன்று இடங்களிலும் அவரே அஸ்திவாரக் கல் நாட்டினார். ஒரே அறிவிப்பில் பிறந்த இந்த மூன்று கற்களும் தாராளமயத்தின் வெயிலில் மூன்று விதமாய்ப் போயின.

விஜயநகரக் கல் இருபது ஆண்டுக்கு மேல் வெறும் கல்லாகவே கிடந்தது. பெல்லாரி, ஹொஸ்பேட்டை வட்டாரத்தில் நல்ல இரும்புக் கனி உண்டு. சர்க்காரிடம் பணம்தான் இல்லை. 1991-க்குப் பின் அவ்விடம் தோரணகல்லுவில் ஜிந்தால் குடும்பத்தாருக்குக் கிடைத்து, 1990-களின் கடைசியில் ஆலை எழுந்தது. இன்று அது தேசத்தின் மிகப் பெரிய உருக்காலைகளுள் ஒன்று. அரசு ஒரு தலைமுறையில் செய்யாததைத் தனியார் பத்தாண்டில் செய்தார்கள் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் ஆரம்ப ஆண்டுகளில் அதன் கடனையும் பொது நிதி ஸ்தாபனங்கள் தவணை மாற்றிக் கொடுத்துத் தாங்கின என்பதையும், கனியின் அருகாமை என்ற இயற்கை அனுகூலம் அதற்கு முழுமையாகக் கிடைத்தது சமன் திட்டம் ஒழிந்த பின்னரே என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். தூரம் மீண்டும் விலையுடையதானபோது, கனிக்கு அருகில் இருந்தவன் லாபமடைந்தான்.

விசாகப்பட்டினத்துக் கல் ஆலையாயிற்று. தேசத்தின் முதல் கடற்கரை உருக்காலை. 1992-ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் தேதி நரசிம்ம ராவ் அதனைத் தேசத்திற்கு அர்ப்பணித்தபோது, கட்டுப்பாடு நீங்கி ஏழு மாதமே ஆகியிருந்தது. பாதுகாப்புக்கென்று திட்டமிட்ட குழந்தை போட்டியின் வாசலில் பிறந்தது. அதற்குச் சொந்தச் சுரங்கம் இல்லை. பெய்லாடிலாவின் கனியைச் சந்தை விலை கொடுத்தே வாங்கவேண்டும். சுரங்கம் உடையவர்கள் விலையிறக்கத்தைத் தாங்கிக்கொண்ட காலங்களில் இது தாங்க முடியாமல் கடனில் ஆழ்ந்தது. 2021 ஜனவரியில் அதனைத் தனியாருக்கு விற்க மத்திய மந்திரிசபை கொள்கையளவில் முடிவு செய்தது. 2025 ஜனவரியில் அதே சர்க்கார் 11,440 கோடி ரூபாய் கொடுத்து அதனைப் புதுப்பிக்க முன்வந்தது.

நம் சேலம் உருக்காலையின் கதை இவ்விரண்டினும் துக்கமானது என்பேன். கஞ்சமலையின் இரும்புக் கனியையும் நெய்வேலியின் பழுப்பு நிலக்கரியையும் சேர்த்துத் தமிழ் மண்ணிலேயே உருக்குக் காய்ச்சலாம் என்பது ஆதிக் கனவு. கனி தரக்குறைவு, பழுப்பு நிலக்கரி ஊதுலைக்கு ஒவ்வாது என்ற காரணங்களால் கனவு சுருங்கிச் சுருங்கி, 1981-இல் உற்பத்தி தொடங்கியபோது, வேறிடத்திலிருந்து வரும் துருப்பிடிக்காத உருக்குச் சுருள்களைக் குளிர் உருட்டலில் மெல்லிய தகடாக்கும் ஓர் ஆலையாக நின்றது. வெந்நிலை உருட்டாலை 1995-இல்தான் வந்தது; சொந்தமாக உருக்கும் கூடம் 2010-ஐ ஒட்டித்தான். அதாவது, தூரத்தை வெல்வதற்காகக் கேட்ட ஆலை, தன் மூலப்பொருளைத் தூரத்திலிருந்து வருவித்துக்கொண்டே முப்பது ஆண்டு வாழ்ந்தது.

ஆயினும் அத்தகட்டின் பளபளப்பு அபூர்வமானது. சேலம் ஸ்டெயின்லெஸ் என்ற பெயர் நாகர்கோவிலின் பாத்திரக் கடைகளிலும் ஒரு சத்தியம் போல உச்சரிக்கப்பட்ட காலத்தை நான் கண்டிருக்கிறேன். உருளியும் வெண்கலப் பானையும் செம்புக் குடமும் சீர்வரிசையில் முன் நின்ற நாட்டில், எவர்சில்வர் அவற்றை மெல்ல மெல்லப் பின்னுக்குத் தள்ளியபோது, பெண்ணைப் பெற்றவர்கள் பாத்திரத்தின் விளிம்பை விரல் நகத்தால் சுண்டி, கனத்தைக் கையால் நிதானித்து வாங்கினார்கள். தாராளமயத்தின் பின் அந்தச் சந்தையில் இரண்டு பக்கமிருந்தும் நெருக்கடி வந்தது. ஒருபுறம் தனியார் பெரு ஆலைகளும் தீர்வை குறைந்த அந்நியத் தகடும். மறுபுறம், விலை ஏறிய நிக்கலைக் குறைத்து அதன் இடத்தில் மாங்கனீஸைச் சேர்த்து, வடநாட்டின் சிற்றாலைகள் மின்தூண்டல் உலையில் காய்ச்சி உருட்டிய மலிவுத் தகடு. கண்ணுக்கு இரண்டும் ஒன்று; புளிக்குழம்பும் உப்பும் உப்புக்காற்றும்தான் வித்தியாசத்தைக் காட்டும். வாங்குபவனுக்கு அந்த வித்தியாசத்தை அறிவிக்கும் முத்திரை முறை காலத்தில் வந்திருந்தால் சேலத்தின் தரத்திற்கு ஒரு விலை கிடைத்திருக்கும். வராததால், மின்சாரத்தை நம்பி, பழைய இரும்பை உருக்கி, பெரும் முதல்போட்டு விரிவாக்கிய ஆலை நஷ்டத்தில் ஓடியது. 2019 ஜூலையில், துர்காப்பூரின் கலப்பு உருக்காலையோடும் பத்ராவதியின் விஸ்வேஸ்வரய்யா ஆலையோடும் சேர்த்து அதனை விற்பதற்கு ஏலக் குறிப்பு வெளியானபோது, சேலத்துத் தொழிலாளர்கள் குடும்பத்தோடு வாசலில் வந்து அமர்ந்தார்கள். அவர்களுள் தங்கள் நிலத்தை ஆலைக்குக் கொடுத்தவர்களின் மக்களும் உண்டு. நிலத்தைக் கொடுத்தவனுக்கு, ஆலையின் லாப நஷ்டக் கணக்கைத் தவிர வேறொரு கணக்கும் இருக்கிறது. விற்பனைப் பத்திரத்தில் அதற்கு ஒரு பத்தி கிடையாது.

இனித் தனியார் ஸ்தாபனங்களின் கணக்கு. ஹஜீராவில் எஸ்ஸார், டோல்வியில் இஸ்பாத் என்று 1990-களில் எழுந்த பெரிய ஆலைகள் பெரும்பாலும் பொது நிதி ஸ்தாபனங்களின் கடனில் எழுந்தவை. 1997-க்குப் பின் விலை விழ, கடன் தவணை மாற்றப்பட்டது. 2003-க்குப் பின் விலை எழ, கடன் மேலும் வளர்ந்தது. பின்னர், 2011-இல் கர்நாடகச் சுரங்கங்களுக்கு உச்ச நீதிமன்றத்தின் தடை, 2014-இல் நிலக்கரி ஒதுக்கீடுகள் ரத்து, 2015-இல் சீனம் உலகச் சந்தையில் கொட்டிய 11 கோடி டன் உருக்கு என்று அடிமேல் அடி விழுந்தது. 2017 ஜூனில் ரிசர்வ் வங்கி திவால் சட்டத்தின் கீழ் முதலில் அனுப்பிய பன்னிரண்டு பெருங்கடன்காரர்களில் ஐவர் உருக்குக் கம்பெனிகள்: பூஷண் ஸ்டீல், எஸ்ஸார், பூஷண் பவர், எலெக்ட்ரோஸ்டீல், மானெட். பூஷண் ஸ்டீலை டாடாவும், எஸ்ஸாரை 42,000 கோடி ரூபாய்க்கு ஆர்சலர் மிட்டலும் நிப்பான் ஸ்டீலும் எடுத்துக்கொண்டன. எஸ்ஸாரில் கடன் கொடுத்த வங்கிகளுக்குப் பெரும்பகுதி திரும்பியது. மானெட்டில் கொடுத்ததில் ஏறத்தாழக் கால்பங்கே தேறியது. ஆலைகள் இடம் மாறின, ஊதுலைகள் அணையவில்லை, தேசத்தின் உற்பத்தியும் குறையவில்லை. திரும்பாததை இழந்தது வங்கி. எந்த வங்கி? எஸ்ஸாருக்குக் கடன் கொடுத்தவர்களில் முதல்வர் ஸ்டேட் வங்கி. எங்கள் நாட்டு ஆசிரியர்களும் ரப்பர் தோட்டக்காரர்களும் வளைகுடாவில் உழைப்பவர்களும் தலைமுறை தலைமுறையாகச் சேமிப்பு வைத்திருந்த திருவாங்கூர் ஸ்டேட் வங்கி 2017 ஏப்ரல் முதல் தேதி அதே ஸ்டேட் வங்கியோடு கலந்தது. அதே ஆண்டு அக்டோபரில், பொதுத்துறை வங்கிகளின் முதலைத் தூக்கி நிறுத்த 2 லட்சத்து 11 ஆயிரம் கோடி ரூபாய்த் திட்டத்தைச் சர்க்கார் அறிவித்தது. உருக்கைத் தன் வாழ்நாளில் ஒரே ஒரு முறை, வீட்டுக் கூரைக்காக வாங்கியவனும் இந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணியில் இருக்கிறான்.

தாராளமயம் என்றால் சர்க்கார் விலகிக்கொண்டது என்று எண்ணுவதும் பிழை. விலையை எழுதும் கை போயிற்றே தவிர, விலையை நகர்த்தும் கை போகவில்லை. 2016 பிப்ரவரியில், சீன உருக்குக்கு எதிராகக் குறைந்தபட்ச இறக்குமதி விலை. 2022 மே மாதத்தில் ஏற்றுமதிக்கு 15 சதவீதத் தீர்வை, நவம்பரில் அது ரத்து. 2025 ஏப்ரலில் தட்டை உருக்குப் பண்டங்கள் சிலவற்றின்மீது 12 சதவீதத் தற்காலிகப் பாதுகாப்புத் தீர்வை. நேர் எதிராக, கொரியாவோடும் ஜப்பானோடும் 2010, 2011 ஆண்டுகளில் நடைமுறைக்கு வந்த ஒப்பந்தங்களின் வழியே அந்நாடுகளின் உருக்கு குறைந்த தீர்வையில் உள்ளே வரவும் அதே சர்க்கார்தான் வழி செய்தது. இவற்றுள் ஒவ்வொன்றுக்கும் தக்க காரணம் உண்டு. ஆனால் தீர்வை ஏறும்போது ஊதுலை உடையவனுக்கு நிம்மதி, நாகர்கோவில் கோணத்துத் தொழிற்பேட்டையில் தகடு வாங்கி அலமாரியும் கதவும் செய்பவனுக்கு நெஞ்சிடி. முன்னவனுக்கு டில்லியில் வாய் உண்டு, பின்னவனுக்கு இல்லை. பழைய கட்டுப்பாடு குறைந்தபட்சம் சிறுதொழில்களுக்கென்று ஓர் ஒதுக்கீட்டையாவது வைத்திருந்தது. அதன் நிர்வாகத்தில் ஆயிரம் ஊழல் இருந்திருக்கலாம், அதன் எண்ணத்தில் நியாயம் இருந்தது.

தூரத்தின் பிரச்னையைச் சந்தை தன் வழியில் தீர்த்தும் கொண்டது. இதனைச் சொல்லாமல் விடுவது நேர்மையல்ல. ஊதுலை வேண்டாம், கனி வேண்டாம், பழைய இரும்பும் மின்சாரமும் இருந்தால் போதும் என்ற மின்தூண்டல் உலைகள், பாலக்காட்டுக் கணவாயின் கஞ்சிக்கோட்டிலும், கும்மிடிப்பூண்டியிலும், புதுச்சேரியிலும் எழுந்தன. நாகர்கோவிலுக்கும் மார்த்தாண்டத்துக்கும் வரும் கம்பியில் நல்ல பங்கு இத்தகைய உலைகளிலிருந்து வருவது. ஜாம்ஷெட்பூரைப் பார்க்க இவை அண்டை வீடு. முன்னே முறுக்குக் கம்பி. இப்பொழுது, உருட்டிச் சிவந்த நிலையிலேயே தண்ணீரைப் பாய்ச்சி, புறம் இறுகி அகம் இளகி நிற்கும்படி செய்த டி.எம்.டி. கம்பி. சீட்டும் இல்லை, காத்திருப்பும் இல்லை. காலையில் சொன்னால் மாலையில் வாசலில் இறங்குகிறது. 1990-களுக்குப் பின் வளைகுடாப் பணம் ஓட்டு வீடுகளை வார்ப்பு வீடுகளாக மாற்றிய வேகத்தைப் பழைய ஒதுக்கீட்டு முறை ஒருநாளும் தாங்கியிருக்காது. ஆனால் மின்தூண்டல் உலை இரும்பை உருக்குமே ஒழியச் சுத்திகரிக்காது. பழைய இரும்பில் இருந்த கந்தகமும் பாஸ்வரமும் பெரும்பாலும் கம்பியிலும் இருக்கும். நல்ல உலைக்காரன் மூலப்பொருளைத் தேர்ந்து போடுவான், மற்றவன் போடமாட்டான். குளச்சலிலும் முட்டத்திலும் மணக்குடியிலும், உப்புக்காற்று சிமென்டுக்குள் நுழைந்து கம்பியைத் தின்று, கூரை அடியில் செதில் செதிலாகப் பெயர்ந்து விழும் வீடுகளைப் பார்க்கிறவனுக்கு, தர நிர்ணயச் சட்டம் ஊதுலைத் தேசத்து விவகாரமாகத் தோன்றாது. அனுபவமுள்ள கொத்தனார் கம்பியை வளைத்து, வளைவின் வெளிப்புறத்தில் விரிசல் கண்டால் கட்டைத் திருப்பி அனுப்புகிறார். கடற்கரையில் பல வீடுகளுக்கு நடக்கும் ஒரே பரிசோதனை அதுதான்.

கொல்லப் பட்டறைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. பனையேறியின் பாளை அரிவாளும், அறுப்புக்குப் பன்னரிவாளும், கலப்பைக்குக் கொழுவும், ரப்பர் மரத்தில் பட்டை சீவும் கத்தியும் செய்த ஆசாரிமார், கட்டுப்பாட்டுக் காலத்திலும் எந்தச் சீட்டுக்கும் காத்து நின்றவர்கள் அல்லர்; பழைய லாரிகளின் ஸ்பிரிங் பட்டைதான் அவர்களுடைய மூலப்பொருள். லாரி பெருகப் பெருகப் பட்டையும் பெருகியது. ஆனால் பனையேறி குறைந்தார், வயல் குறைந்தது, ஆலையில் அச்சடித்த மண்வெட்டியும் கத்தியும் பாதி விலைக்குக் கடையில் தொங்கின. உருக்குத் தொழிலின் எந்தப் புள்ளிவிவரத்திலும் துருத்தி ஊதிய இவர்கள் வருவதில்லை.

பறளியாற்றின்மேல் நூற்றுப் பதினைந்து அடி உயரத்தில் நிற்கும் மாத்தூர்த் தொட்டிப்பாலம் 1960-களில் கட்டப்பட்டது. கம்பிக்கு ஒதுக்கீடு வாங்கவேண்டிய காலத்தில், உழவனுக்குத் தண்ணீர் கொண்டுபோவதற்காக எழுந்த வேலை. அங்கிருந்து சில கல் தொலைவில், 2019 மார்ச்சில் பிரதமர் திறந்து வைத்த மார்த்தாண்டம் மேம்பாலம், இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீண்ட உருக்கு உத்தரங்களின்மேல் செல்கிறது. சீட்டுக் காலத்தில் எங்கள் ஜில்லாவில் அத்தனை உருக்கு ஒரே வேலைக்கு ஒரே சமயத்தில் வந்து சேர்ந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கவே முடியாது. இரண்டையும் நான் ஒரே நாளில் பார்த்துவிட்டு, அந்த மேம்பாலத்தின் நிழலில் ஒரு கம்பிக் கடையின் முன் நின்றிருந்தேன். கடைக்காரர் காலையில் ஈரத்துணியால் துடைத்துச் சாக்கட்டியால் அன்றைய விலையை எழுதிய கரும்பலகை வாசலில் சாத்தியிருந்தது. ஒரு கொத்தனார் வந்து, "இண்ணைக்கு கம்பி என்ன வெல, அண்ணாச்சி?" என்று கேட்டார். பலகையைச் சுட்டிக் காட்டிவிட்டுக் கடைக்காரர் ரசீதுப் புத்தகத்தை எடுத்தார். முதல் வரியில் கம்பியின் எடையும் விலையும் எழுதி, அதன் கீழே தனி வரியாக, வேலை நடக்கும் ஊரின் பெயரையும் அவ்வூருக்கு லாரி வாடகையையும் எழுதினார்.